வீட்டில் தயாரித்த பயோடீசலைக் கழுவிச் சுத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

சமையல் எண்ணெயை மெத்தனாலோடும் காஸ்டிக் பொட்டாஷோடும் கலந்து சூடாக்கினால் அது பயோடீசல் என்ற டீசல் மாற்று எரிபொருளாகவும் கிளிசரினாகவும் மாறும். இந்த மாற்றத்தைத்தான் இங்கே ரியாக்‌ஷன் என்கிறேன். கிளிசரின் அடியில் இறங்கி, மேலே தேன் நிறத்தில் பயோடீசல் நின்றதும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மெத்தனால், கரைந்த சோப்பு, கொஞ்சம் கிளிசரின், மிச்சமிருக்கும் காஸ்டிக் பொட்டாஷ், சிறிது நீர் என எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அப்படியே இன்ஜினில் ஊற்றினால் சோப்பு ஃபில்டரை அடைக்கும். எரிந்த பிறகு சாம்பலாகி நாசிலில் படியும். கிளிசரின் டேங்கின் அடியில் பிசின் போலச் சேரும். மெத்தனால் பம்பின் ரப்பர் சீல்களைக் கெடுப்பதோடு, எரிபொருள் தீப்பற்றும் வெப்பநிலையையும் ஆபத்தான அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

இவற்றை நீக்கத்தான் கழுவுகிறோம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழுவும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய ரியாக்‌ஷனில் உண்டானவை. முழுதாக மாறாத எண்ணெயைத் தண்ணீர் விட்டுச் சரிசெய்ய முடியாது. மாறாமல் நிற்கும் எண்ணெயும், பாதி மாறிய மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு ஆகியவையும் தண்ணீரோடு போகாது. எத்தனை முறை கழுவினாலும் எரிபொருளோடேயே இருக்கும். அதனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பு செய்ய வேண்டியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கணக்குக்கு வசதியாக 50 லிட்டர் பயோடீசல் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் பஜ்ஜிக் கடையிலும் மெஸ்ஸிலும் மிஞ்சும் பாமாயில், கேடலிஸ்ட், அதாவது மாற்றத்தைத் தூண்டும் பொருள், காஸ்டிக் பொட்டாஷ். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாஷைப் பயன்படுத்துவது கழுவலுக்கு நல்லது. பொட்டாஷ் சோப்பு இளகியது, தண்ணீரில் சுலபமாகக் கரையும். கிளிசரினும் கட்டியாக உறையாமல் ஊற்றும் பதத்திலேயே இறங்கும்.

மெத்தனால் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

மெத்தனால் விஷம். குடித்தால் மட்டும்தான் என்றில்லை, ஆவியாக மூச்சில் போனாலும் தோல் வழியாக இறங்கினாலும் கண் பார்வையையும் உயிரையும் பறிக்கக் கூடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கழுவாத பயோடீசலில் மெத்தனால் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 50 லிட்டர் டிரம்முக்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் தீப்பற்றினால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே வேலை திறந்தவெளியில் நடக்கட்டும், பக்கத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். குடிதண்ணீர் பாட்டிலில் எந்த மாதிரியையும் எடுத்து வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கிளிசரினை முழுசாக இறக்குங்கள்

ரியாக்‌ஷன் முடிந்து ஒரு மணி நேரத்தில் கிளிசரினின் பெரும்பகுதி அடியில் வந்துவிடும். மிச்சம் நுண்ணிய துளிகளாக மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வடியுங்கள். வடித்து முடித்த பிறகும் டிரம்மை அசைக்காமல் இன்னும் சில மணி நேரம் வைத்தால் அடியில் மறுபடி ஒரு டம்ளர் சேரும். அதையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவது வடிப்பைப் பலர் செய்வதில்லை. அந்த ஒரு டம்ளரில் இருக்கும் சோப்பும் கேடலிஸ்ட்டும் முதல் கழுவலைப் பாழாக்கப் போதும்.

கழுவும் டிரம் அடி கூம்பாக இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண நீல டிரம்மே போதும். வால்வு இருக்கும் பக்கம் சற்றுத் தாழும்படி எதிர்ப்பக்கத்தின் அடியில் ஒரு செங்கல்லை வையுங்கள். வால்வுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய் மாட்டினால், தண்ணீர் முடிந்து பயோடீசல் வரத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். ரப்பர் குழாய் வேண்டாம். பயோடீசல் இயற்கை ரப்பரை ஊறவைத்துக் கரைத்துவிடும்.

தண்ணீருக்கு முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல். மூடி போட்ட சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குலுக்கிவிட்டுச் சில நிமிடம் வையுங்கள். பயோடீசல் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. கரைசல் தெளிவாக, அடியில் ஒரு சொட்டுகூட இல்லாமல் இருந்தால் தேர்ச்சி. அடியில் சிறு துளி உட்கார்ந்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

இதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல். இந்தச் சோதனை 20 முதல் 22 டிகிரியில் செய்ய வேண்டியது. சித்திரை மாதத்து மதியத்தில், 35 டிகிரியில் செய்தால் மெத்தனால் எண்ணெயையும் கூடுதலாகக் கரைத்துக்கொண்டு ‘பாஸ்’ என்று பொய் சொல்லும். ஒரு சொம்புத் தண்ணீரில் நாலைந்து ஐஸ் கட்டியைப் போட்டு, தெர்மாமீட்டரில் 20 காட்டும்போது புட்டியை அதற்குள் கால் மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு பாருங்கள்.

தோற்றால் கழுவாதீர்கள். கிளிசரின் நன்றாக வடிந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, மெத்தனால் 5 சதவீதமும் லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் காஸ்டிக் பொட்டாஷும் கலந்து ரியாக்‌ஷனை இன்னொரு முறை ஓட்டுங்கள். கழுவித் தண்ணீர் சேர்ந்த பிறகு இதைச் செய்ய வேண்டியிருந்தால் முதலில் முழுதாக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கும் பொட்டாஷ் எல்லாம் சோப்பாகிவிடும். வேலை இரட்டிப்பு.

இரண்டாவது, குலுக்கல் சோதனை. ஜாம் பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர். மூடி, பத்து விநாடி பலமாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் மேலே பயோடீசலும் கீழே வெண்மையான நீருமாகப் பிரிந்தால் தைரியமாகக் கழுவலாம். மொத்தமும் மோர் போலக் கலங்கி அப்படியே நின்றால் சோப்பு அதிகம், அல்லது ரியாக்‌ஷன் அரைகுறை. டிரம்மில் வரப்போகும் தலைவலியை ஒரு பாட்டிலிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் அருமை.

சோப்பு ஏன் அதிகமாகிறது? பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடியிருக்கும். அது பொட்டாஷோடு சேர்ந்தால் சோப்பாவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்தது ஈரம். எண்ணெயைச் சூடாக்கி நீரை ஓட்டாமல் ரியாக்‌ஷன் செய்திருந்தால் அதன் விலையைக் கழுவும்போதுதான் கொடுப்பீர்கள்.

எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீர் வேண்டாம். கால்சியமும் மெக்னீசியமும் உள்ள கடின நீர் பொட்டாஷ் சோப்பைச் சந்தித்தால் கரையாத சோப்பாக மாறும். வாளியில் துணி துவைக்கும்போது விளிம்பில் ஒட்டும் அழுக்குப் படலம் அதுதான். தண்ணீரோடு போக வேண்டிய சோப்பு, எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவில் வெள்ளைத் தோலாக நின்றுவிடும். மழைநீர் முதல் தரம். அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். 50 லிட்டருக்கு மொத்தம் 50 முதல் 75 லிட்டர் செலவாகும். தண்ணீர் அருமையான ஊரில் இருந்தால் முதல் ஒன்றிரண்டு கழுவலுக்கு, முந்தைய தொகுதியின் கடைசிக் கழுவு நீரையே பயன்படுத்தலாம். அது கிட்டத்தட்டச் சுத்தமானதுதான்.

தண்ணீரும் பயோடீசலும் 40 முதல் 50 டிகிரியில் இருந்தால் பிரிவது விரைவாக நடக்கும். தொட்டால் நல்ல வெதுவெதுப்பு, அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் பாமாயில் பயோடீசலைக் கழுவுவது சள்ளை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். 15 டிகிரி அளவிலேயே பாமாயில் பயோடீசல் மங்கத் தொடங்கிவிடும்.

முதல் கழுவல்

தண்ணீரை வாளியோடு கவிழ்க்கக் கூடாது. தூறலாகத்தான் விட வேண்டும். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் ஃபாகர் நாசில் ஒன்றை டிரம்மின் வாயில் மாட்டுங்கள். போதிய அழுத்தம் இல்லாவிட்டால் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பூச்சிமருந்து அடித்தது வேண்டாம். பனித்தூறலாக விழும் துளிகள் பயோடீசலின் மேல் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக மூழ்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் கீழே போகப் போக வெளுத்துப் பருப்பது தெரியும். போகும் வழியில் இருக்கும் மெத்தனாலையும் சோப்பையும் அது அள்ளிக்கொள்கிறது.

முதல் முறைக்கு 5 லிட்டர் போதும். கிளறாதீர்கள். பம்ப் போடாதீர்கள். சோப்பு மிக அதிகமாக இருக்கும் நேரம் இது, இப்போது கலக்கினால் எண்ணெயும் நீரும் ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அடியில் சேர்ந்த வெள்ளை நீரை வடியுங்கள். இதே போல இன்னொரு 5 லிட்டர். இரண்டாவது முறை வடியும் நீரும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் முதல் முறை போலக் கெட்டியாக இருக்காது.

முதல் கழுவு நீரில் கொஞ்சம் வினிகர் சேர்க்கும் வழக்கம் உண்டு. மிச்சமிருக்கும் பொட்டாஷைச் சமன்செய்ய அது உதவும். ஆனால் அளவு முக்கியம். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 சதவீத வினிகர் 50 மில்லியில் அசெட்டிக் அமிலம் 2 கிராம்தான் இருக்கும். அது சமன்செய்யும் பொட்டாஷ் 2 கிராமுக்கும் குறைவு. இந்த அளவால் கெடுதல் இல்லை. ‘நல்லதுதானே’ என்று அரை லிட்டர் ஊற்றினால் அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றிவிடும். சோப்பாவது தண்ணீரோடு போகும். கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாமல் எரிபொருளிலேயே தங்கி அமில எண் என்ற அளவை (ஒரு கிராம் எரிபொருளில் உள்ள அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாஷ் வேண்டும் என்பது) ஏற்றும். 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) பொட்டாஷ் சோப்பு இப்படி உடைந்தால் அமில எண் சுமார் 0.18 உயரும். பயோடீசலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமே 0.50 என்பதை நினைவில் வையுங்கள். என் கருத்தில், பாட்டில் சோதனை நன்றாகப் பிரிந்தால் வினிகரே தேவையில்லை.

அடுத்த கழுவல்கள்

இப்போது கொஞ்சம் துணியலாம். 15 லிட்டர் வெதுவெதுப்பான நீரைத் தூறலாகவே விட்டு, நீண்ட மரத்துடுப்பால் அடியிலிருந்து மேலாக மெதுவாக ஐந்து நிமிடம் புரட்டுங்கள். ஒரு மணி நேரம் தெளியவிட்டு வடியுங்கள். அடுத்த கழுவலில் இன்னும் கொஞ்சம் வேகமாகக் கிளறலாம். ஒவ்வொரு முறையும் சோப்பு குறைவதால் கலக்குவதைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதே கணக்கு. கடைசிக் கழுவலில் டிரில் மெஷினில் பெயின்ட் கலக்கும் கம்பி மாட்டிச் சுழற்றினாலும் பிரிந்துவிடும். ஆனால் மோட்டாரில் கார்பன் பிரஷ் வைத்த டிரில்லில் பொறி பறக்கும். மெத்தனால் முழுக்கக் கழுவிப் போன பிறகு மட்டுமே அது.

குமிழ்க் கழுவல் என்று இன்னொரு முறை இருக்கிறது. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பின் கல்லை டிரம்மின் அடியில், நீருக்குள் வைப்பார்கள். ஒவ்வொரு காற்றுக் குமிழும் மெல்லிய நீர்ப்படலத்தைச் சுமந்துகொண்டு பயோடீசல் வழியே மேலே ஏறும். மேற்பரப்பில் குமிழ் உடைய, அந்த நீர் சொட்டாகத் திரும்பக் கீழே இறங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் கழுவல் நடக்கிறது. மின்சாரச் செலவு ஒன்றுமில்லை, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். இதனாலேயே பலருக்குப் பிடிக்கும். எனக்கு அவ்வளவு பிடிக்காது. மணிக்கணக்கில் காற்றை ஊதுவது பயோடீசலை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பது ஒன்று. இன்னொன்று, குமிழ் மிக மென்மையாகக் கழுவுவதால் அரைகுறையாக மாறிய எண்ணெய்கூட எமல்ஷன், அதாவது எண்ணெயும் நீரும் பிரியாத குழம்பு, ஆகாமல் தப்பித்துவிடும்; கலக்கிக் கழுவியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். செய்வதானால் கடைசிக் கழுவல் ஒன்றுக்கு மட்டும் வையுங்கள். விலை மலிவான காற்றுக் கற்கள் சில பயோடீசலில் ஊறி உதிரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது? வடித்த நீர் கண்ணாடி போல இருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்துக் குலுக்கினால் நுரை உடனே அடங்க வேண்டும். பி.எச். தாளில், ஊற்றிய தண்ணீர் காட்டிய நிறமே வடித்த தண்ணீருக்கும் வர வேண்டும். வழக்கமாக நாலு அல்லது ஐந்து கழுவலில் இது வந்துவிடும். ஏழெட்டு முறை கழுவியும் வெள்ளையாகவே வந்தால் குற்றம் கழுவலில் இல்லை, பழைய சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

எமல்ஷன் ஆகிவிட்டால்

டிரம்மைத் திறந்தால் முழுக்க வெண்ணிறக் குழம்பு. பதறிப்போய்க் கொட்டிவிட வேண்டாம், எரிபொருள் உள்ளேதான் இருக்கிறது.

முதல் மருந்து, பொறுமை. ஒரு நாள் அப்படியே விடுங்கள். பாதியாவது பிரிந்திருக்கும். பிரிந்த நீரை வடித்துவிட்டு மிச்சத்தை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். நேரடித் தீ கூடாது, வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கியோ மின்சார ஹீட்டரிலோதான். அதற்கும் மசியாவிட்டால் ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கல் உப்பைக் கரைத்து மேலாகத் தெளியுங்கள். உப்பு நீர் எமல்ஷனை உடைப்பதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் குளோரைடு இரும்பை அரிக்கும் என்பதால், பிரிந்த பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறையாவது அலசியே ஆக வேண்டும். கடைசி வழி அமிலம். வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சோப்பு உடையும்போது எமல்ஷனும் உடையும். மேலே சொன்ன அமில எண் பிரச்சினையும் கூடவே வரும். அப்படி மீட்டதை எரிபொருளாக எண்ணாதீர்கள், உலர்த்தி அடுத்த தொகுதியின் எண்ணெயோடு கலந்துவிடுங்கள்.

இரண்டு அடுக்குக்கும் நடுவில் நிற்கும் ஒரு விரல் தடிமன் வெண்தோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதை ஒரு கேனில் தனியாகச் சேர்த்து வைத்தால் நாளடைவில் தானே பிரியும்.

சோப்பை அளப்பது

கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட எண்ணாகத் தெரிந்துகொள்வது மேல். பள்ளி ஆய்வகத்துக்குச் சாமான் விற்கும் கடையில் ப்ரோமோபீனால் ப்ளூ என்ற நிறங்காட்டி, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒன்று கிடைக்கும். 100 மில்லி ஆல்கஹாலில் நாலைந்து சொட்டு நிறங்காட்டியை விட்டு, நீலம் மஞ்சளாகும் விளிம்புவரை அமிலம் சேர்த்து வையுங்கள். அதில் 10 மில்லி பயோடீசலை ஊற்றினால் சோப்பிருந்தால் மறுபடி நீலமாகும். மீண்டும் மஞ்சள் வரும்வரை எத்தனை மில்லி அமிலம் இறங்கியது என்று பாருங்கள்.

கணக்கு இதுதான்: மில்லியை 3,206 ஆல் பெருக்கி, மாதிரியின் எடையால் (கிராமில்) வகுத்தால் பொட்டாஷ் சோப்பு பிபிஎம்மில் வரும். சோடா பயன்படுத்தியிருந்தால் 3,044 ஆல் பெருக்குங்கள். 10 மில்லி பயோடீசல் சுமார் 8.8 கிராம் இருக்கும். 2 மில்லி அமிலம் இறங்கினால் சோப்பு சுமார் 730 பிபிஎம். கழுவாத பயோடீசலில் மிச்சக் கேடலிஸ்ட்டும் இந்த அமிலத்தைக் குடிக்கும் என்பதால் எண் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

எவ்வளவுக்குக் கீழே வர வேண்டும்? இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15607-இல் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் இருக்கலாம். சோப்பாக மாற்றிப் பார்த்தால் பொட்டாஷுக்கு 41 பிபிஎம், சோடாவுக்கு 66 பிபிஎம். இவ்வளவு சின்ன எண்ணை 10 மில்லி மாதிரியில் அளக்க முடியாது, பியூரெட்டில் கால் மில்லிகூட இறங்காது. ஆகவே கடைசிச் சோதனைக்கு 100 மில்லி பயோடீசலை எடுங்கள். அப்போது 41 பிபிஎம் என்பது ஒரு மில்லிக்குச் சற்று மேல், நிதானமாக அளக்கலாம்.

தண்ணீரே இல்லாமல்?

உலர் கழுவல் என்று சொல்வார்கள். அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாய் வழியே பயோடீசலை மெதுவாக விடுவது ஒரு முறை. மெக்னீசியம் சிலிகேட் தூளை எடையில் ஒரு சதவீதம் அளவுக்குச் சேர்த்து, சூடாக அரை மணி நேரம் கலக்கி, நுண் ஃபில்டரில் வடிப்பது இன்னொன்று. கழிவு நீர் கிடையாது, உலர்த்தும் வேலை கிடையாது. பெரிய அளவில் செய்பவர்களுக்கு இது சரி. பிசின் சோப்பிலிருக்கும் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுவதால் சோப்பு கொழுப்பு அமிலமாகி எரிபொருளிலேயே நிற்கிறது. வினிகர் செய்யும் அதே வேலை. சோப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தால்தான் தாங்கும். மெத்தனாலையும் தனியாக எடுத்தாக வேண்டும். தண்ணீர்க் கழுவலில் அது தானே போய்விடும், இங்கே போகாது.

மெத்தனாலை முன்கூட்டியே ஆவியாக்கி மீட்பது செலவைக் குறைக்கும். சோப்பையும் கிளிசரினையும் பயோடீசலில் கரைத்து வைத்திருப்பதே அதுதான் என்பதால், அது போனதும் இரண்டும் தானாக அடியில் இறங்கும். ஆனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் விஷ ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது மூடிய, கசிவற்ற கருவியில் மட்டுமே செய்யக்கூடியது. பிரஷர் குக்கரை வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உலர்த்துதல்

கழுவி முடித்த பயோடீசல் கலங்கலாக, ஆரஞ்சுச் சாறு நிறத்தில் இருக்கும். ஒரு ராத்திரி தெளியவிட்டு அடியில் சேரும் நீரைக் கடைசிச் சொட்டுவரை வடியுங்கள். பிறகு இரும்பு அல்லது எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றி மின்சார ஹீட்டரால் 55 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சிறு பம்ப் ஒன்றால் அடியிலிருந்து எடுத்து மேலே ஷவர் தலை வழியாக மழை போல விழச்செய்யுங்கள். மேலே ஒரு விசிறி வீசட்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கலங்கல் போய்ப் பளிச்சென்று ஆகும்.

கண்ணாடி ஜாடியில் எடுத்துப் பின்னால் நாளிதழை வைத்தால் எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும் என்பது பழைய சோதனை. அவசியமானதுதான், ஆனால் போதாது. அறை வெப்பநிலையில் பயோடீசல் 1,000 பிபிஎம்முக்கு மேலேயே நீரைக் கரைத்து வைத்துக்கொண்டு தெளிவாகவே காட்சி தரும். தர நிர்ணயம் அனுமதிப்பது 500. இதைக் கண்டுபிடிக்க நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் ஒன்று வேண்டும். 200 கிராம் மாதிரியை எடைபோட்டு, மின் அடுப்பில் 120 டிகிரி வரை சூடாக்கிக் கிளறி, ஆறவிட்டு மறுபடி எடைபோடுங்கள். 0.1 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் 500-ஐத் தாண்டியிருக்கிறது, இன்னும் உலர்த்துங்கள். சூடேறும்போது படபடவென்று சத்தம் கேட்டால் எடைபோடவே வேண்டாம். தண்ணீரால் கழுவி மெத்தனால் போன பயோடீசலில் மட்டும், டிரம்மிலிருந்து தள்ளி இதைச் செய்யுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் சூடாக்காமல் வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் நடக்காது. ஈரம் நிறைந்த காற்றோடு பயோடீசல் சமநிலைக்கு வரும்போது அதில் 500-ஐவிட அதிக நீர் இருக்கும். உலர்த்திய பிறகும் இதே கதைதான், சூடாக இருக்கும்போது காய்ந்தது ஆறும்போது ஈரத்தைத் திரும்ப இழுக்கும். விசிறியை நிறுத்தியதும் மூடிவிடுங்கள். மூச்சுத் துளைக்கு சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தாங்கும்.

வடிகட்டல், சேமிப்பு

ஆறிய பிறகே வடிகட்டுங்கள். சூட்டில் கரைந்திருக்கும் சில பொருட்கள் ஆறிய பின்தான் வெளியே வரும், குறிப்பாகப் பாமாயிலில். முதலில் 5 மைக்ரான், அடுத்து 1 மைக்ரான்.

சேமிக்கும் கலனில் செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு எதுவும் வேண்டாம். இவை பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும். தகர டின்னும் அப்படித்தான். கெட்டியான பிளாஸ்டிக் கேன் அல்லது எவர்சில்வர், நிழல், விளிம்புவரை நிரப்பி மூடுதல். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கழுவு நீரை வாய்க்காலிலோ கிணற்றங்கரையிலோ விடாதீர்கள். முதல் இரண்டு கழுவலின் நீரில்தான் மெத்தனாலும் சோப்பும் அதிகம். தனி டிரம்மில் சேர்த்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, பி.எச். 7-க்குக் கொண்டுவந்து, சாயக் கழிவு மாதிரியே முறையாகச் சுத்திகரிக்கும் இடத்துக்குத் தர வேண்டும். கடைசிக் கழுவல்களின் நீர் அடுத்த தொகுதிக்குப் போகிறது என்பதால் அகற்ற வேண்டிய அளவு அவ்வளவு பெரிதாக இருக்காது.

இன்ஜினைப் பற்றி: கிணற்று நீர் இறைக்க ஓட்டும் பழைய டீசல் பம்பு செட், சிறு ஜெனரேட்டர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பி.எஸ். 6 வண்டிகளின் காமன் ரயில் பம்பும் புகை வடிகட்டியும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் டீசலோடு ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து ஓட்டுங்கள். பழைய டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் டீசல் கசடை பயோடீசல் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்க்கும்; முதல் இரண்டு மூன்று டேங்குக்குள் ஒரு முறை ஃபில்டர் அடைவது வழக்கம். மாற்றுவதற்கு ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.